பழைய பாலங்களில் எது சிறு பழுது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பழைய சாலைகளில் இன்னும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் செங்கல் வளைவு மதகுகளின் பக்கச்சுவரை உற்றுப் பார்த்தால், சாந்து உதிர்ந்த சந்தில் ஓர் அரசங்கன்றோ ஆலங்கன்றோ தலைநீட்டிக்கொண்டிருக்கும். பறவை எச்சத்தில் வந்த விதை அது. விரல் தடிமனில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட்டு அந்தச் சந்தினைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது; சில மழைக்காலம் விட்டுவிட்டால், வேர் உள்ளே பருத்துச் செங்கல்லையே வெளியே தள்ளிவிடும்.

இத்தகைய வேலைக்கும், தூணையே மாற்றும் வேலைக்கும் ஒரே அனுமதி நடைமுறை பொருந்தாது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, மத்திய அரசின் நிதியோ அனுமதியோ பெறும் பணிகள் வரலாற்றுச் சின்னங்களைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராயச் சொல்கிறது; மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலர் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் உண்டு. ஒவ்வொரு சிறு பழுதுக்கும் இப்படிக் காத்திருக்க முடியாது என்பதால், பல மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறைகள் முன்னதாகவே ஒப்பந்தம் செய்துகொண்டு, பட்டியலிட்ட சிறு பணிகளைத் தம்மிடமுள்ள தகுதிபெற்ற வல்லுநரின் பார்வையிலேயே முடித்துக்கொள்கின்றன. 1945க்குப் பிறகு ஏராளமாகக் கட்டப்பட்ட சாதாரணக் கான்கிரீட், எஃகுப் பாலங்களுக்குத் தனித்தனி ஆய்வு தேவையில்லை என்று 2012இல் ஓர் ஏற்பாடும் வந்தது.

நம் பக்கத்தில் சிக்கல் வேறு. சாலையோரப் பழைய பாலங்களில் பெரும்பாலானவை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லாததால், ஆய்வும் இல்லை, தாமதமும் இல்லை. சிமெண்ட் மூட்டையோடு வரும் மேஸ்திரிதான் முடிவெடுப்பவர். சுண்ணாம்பில் கட்டிய சுவர், உள்ளே இறங்கிய ஈரத்தைச் சந்துகளின் வழியே வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் கெட்டியான சிமெண்டைப் பூசிவிட்டால், ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் வந்து செங்கல்லின் முகத்தில் படிகமாகி, அதை மாவாக உதிர்க்கிறது. புதுச்சேரியின் பழைய மதில்களில், பூச்சு நன்றாக இருக்க அதன் ஓரத்துச் செங்கல் மட்டும் குழிந்துபோயிருப்பதை யாரும் பார்க்கலாம்.

ஆகவே, சிறு பழுது எது என்பதை எஸ்டிமேட் தொகையை வைத்துத் தீர்மானிப்பது தவறு என்பது என் கருத்து. பணக் கணக்கில் சிமெண்ட் பூச்சு மிகச் சிறிய வேலை; கட்டடத்துக்கு அது பெரிய தீங்கு. செடி அகற்றுதல், அடைபட்ட வடிகுழாயைத் திறத்தல், பழைய கலவைக்கு ஒத்த சுண்ணாம்பால் சந்து பூசுதல், இரும்புக்குத் துரு நீக்கி வண்ணம் அடித்தல் ஆகியவற்றை உதவிப் பொறியாளரே உடனே செய்யட்டும். சிமெண்டைப் பயன்படுத்தும் வேலையும், பழைய தாரைச் சுரண்டாமல் மேலும் தார் போடும் வேலையும் எவ்வளவு சிறிதானாலும் ஆய்வுக்குப் போகட்டும். (தார்மேல் தார் போட்டே சில மதகுகளில் கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, கூடும் எடையைத் தாங்குவது அடியிலிருக்கும் அந்தப் பழைய வளைவுதான்.)

காத்திருப்பின் விலையைப் புதுச்சேரி ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சிதிலமடைந்து நின்ற பழைய நகர மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று கடற்கரையில் நிற்பது பழைய தோற்றத்தில் எழுப்பிய புதுக் கட்டடம்.

இதற்கெல்லாம் முன்பாக, இரு மாவட்டங்களிலும் உள்ள பழைய பாலங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். ஆய்வுக்குப் போகாமல் உதவிப் பொறியாளரே செய்யும் சிறு பணிக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக் கோப்பில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மரபுக் கட்டட வல்லுநர் ஒருவர் நேரில் சரிபார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுவதால், செடி அகற்றுவதும் சந்து பூசுவதும் செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும்; சுண்ணாம்பு இறுக நாளாகும்.