முடியும்போதே நிறுத்துவது

கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ஓ.டி.பி.யைப் படித்துவிட்டுக் கணினித் திரைக்குத் திரும்புவதற்குள் முதல் மூன்று எண்கள் மட்டுமே நினைவில் இருக்கும். மற்ற மூன்றும் போன இடம் தெரியாது. பருப்புக்குக் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வராது, ஏனென்றால் சத்தம் காதில் விழுந்ததே தவிர அதை எண்ணுகிற ஆள் உள்ளே இல்லை. மூளை மூட்டம் என்றும் பிரெயின் ஃபாக் என்றும் இப்போது பரவலாகப் பேசப்படும் நிலை எனக்கு இப்படித்தான் தொடங்கியது.

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் வேலை. 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பில்லைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவேன் என்று அங்கே எனக்கொரு பெயர் உண்டு. 2021ஆம் ஆண்டுக் கோடையில், இரண்டாம் அலையின்போது எனக்குக் கோவிட் வந்தது. மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே தனி அறையில் இருந்து தேறினேன். காய்ச்சலும் இருமலும் போன பிறகும் உடம்பில் ஏறிய அசதி மட்டும் இறங்கவில்லை. இரவு முழுவதும் தூங்கி எழுந்தாலும் கண் மூடாதவள் போலவே காலையில் இருந்தது. நின்றுகொண்டு தலைக்குக் குளித்தால் நெஞ்சு படபடத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரவேண்டிய சொல் வராமல் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படி இருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, இது வேறு எதுவுமாக இருக்குமா என்று பார்த்துவிடுவதுதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் அசதியைப் பெண்களுக்கு இயல்பானது என்று எண்ணிக் காலத்தைக் கடத்துகிறார்கள். தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, மனச்சோர்வு ஆகிய எல்லாமே இதே முகத்தோடு வரக்கூடியவை, சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியவையும்கூட. எனக்குப் பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டதில் கால் மரமரப்பு நின்றது. அசதியும் மூட்டமும் அப்படியே இருந்தன. மனச்சோர்வாக இருக்கலாம் என்று அதற்கும் மாத்திரை தந்தார்கள். அந்த நோயைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை, ஆனால் என் நிலை வேறாக இருந்தது: செய்யவேண்டும் என்ற ஆசைக்கு எந்தக் குறையும் இல்லை, எழுந்து செய்தால் உடம்பு பழிவாங்கியது.

ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்துவிட்ட பிறகு ஒரு மருத்துவர், “ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போங்க” என்றார். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடக்கும் அன்று ஒன்றும் தெரியாது, சொல்லப்போனால் உற்சாகமாகவே இருக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தொண்டை வலித்து, உடம்பு கனத்து, தலைவார கையைத் தூக்க முடியாமல் படுத்துவிடுவேன். இடையில் ஒரு நாள் நன்றாக இருந்துவிடுவதால், நடந்ததற்கும் படுத்ததற்கும் தொடர்பு இருப்பது எனக்கோ அவருக்கோ தோன்றவில்லை.

உழைப்புக்குப் பின்னால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் தாமதித்து வருகிற இந்தச் சரிவுதான் நாள்பட்ட சோர்வு நோயின் தலையாய அடையாளம் என்பதைப் பிறகு வேறொரு மருத்துவர் சொல்லி அறிந்தேன். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் வகுத்த அளவுகோலில், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கும் சோர்வு, இந்தப் பின்சரிவு, புத்துணர்வு தராத தூக்கம் ஆகிய மூன்றும் கட்டாயம். அவற்றோடு மூளை மூட்டமோ, எழுந்து நிற்கும்போது வரும் தொல்லையோ ஒன்றாவது இருக்கவேண்டும். என்னிடம் ஐந்துமே இருந்தன. கோவிட் மட்டும் இதைக் கொண்டுவருவதில்லை. டெங்கு, சிக்குன்குனியா போன பிறகும் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு. அவர்களை நாம் என்ன சொன்னோம் என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

“நடங்க” என்ற அறிவுரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1955இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செவிலியர் உள்ளிட்ட ஊழியர்கள் ஏறத்தாழ 300 பேர் இத்தகைய நோயில் விழுந்தார்கள். 1970இல், நோயாளிகளை நேரில் பார்க்காமலேயே பழைய பதிவேடுகளைப் புரட்டிய இரண்டு மனநல மருத்துவர்கள் அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 1969லேயே இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்திருந்தும், மனத்தில்தான் கோளாறு என்ற எண்ணம் மருத்துவ உலகை விட்டு எளிதில் போகவில்லை. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007 வழிகாட்டுதலில் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அதைச் செய்யவேண்டாம் என்று விலக்கியது. நான் மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்த காலமும் அதுதான் என்பதை என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

இந்த நோயை ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இருப்பது பேசிங் (pacing) என்கிற ஒழுங்கு: சரிவு வராத அளவு எது என்று கண்டுபிடித்து அதற்குள் வாழ்வது. கேட்க எளிதாக இருக்கும் இதில் சிக்கல் எங்கே என்றால், நம் உடம்பு அந்த நேரத்தில் சொல்வதை நம்ப முடியாது என்பதில்தான். இன்னும் தெம்பு இருக்கிறது, மீதி இரண்டு பாத்திரத்தையும் தேய்த்துவிடலாம் என்று தோன்றும் நேரமே நிறுத்தவேண்டிய நேரம். கந்துவட்டிக்காரர் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது முகம் மலர்ந்துதான் இருக்கும்.

ஆகவே தெம்பை அல்லாமல் எண்களை நம்புகிறேன், அதுவும் தொழில்புத்திதான். ஆக்சிஜன் பார்ப்பதற்காகக் கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி அலமாரியில் போட்டிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் நாடித்துடிப்பும் தெரியும். காலையில் எழுவதற்கு முன் படுத்தபடியே பார்த்து, அந்த எண்ணுக்கு மேல் 15 கூடினால் கைவேலையை நிறுத்துவது நோயாளிகள் பலர் பின்பற்றும் முறை. அதன்படி பார்த்தபோதுதான் என்னைக் கவிழ்த்தது மைதானம் மட்டுமல்ல, சப்பாத்தி மாவு பிசைவதும், துணி உலர்த்தக் கையைத் தூக்குவதும், குளியலறையில் நிற்பதும்தான் என்று தெரிந்தது. படுத்திருந்துவிட்டு எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு முன்பிருந்ததைவிட 30க்கு மேல் கூடினால் அதற்கெனத் தனிச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் காட்டவேண்டும். எனக்கு அந்த எல்லையை ஒட்டி இருந்தது, உப்பும் நீரும் கூட்டச் சொன்னார். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டிவிடக் கூடாது.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன். அடுப்புக்கு முன்னால் இன்னொன்று. “எழுந்து நாலு வேலை பார்த்தா எல்லாம் சரியாப் போயிடும்மா” என்று சொல்லிவந்த அத்தைக்கு, மருமகள் உட்கார்ந்துகொண்டு தோசை ஊற்றுவது கொஞ்ச நாள் கண்ணை உறுத்தியது. அவரை மாற்றியது என் விளக்கங்கள் அல்ல. காலண்டரில் வேலை மிகுந்த நாளுக்குச் சிவப்பும் படுத்த நாளுக்குக் கறுப்புமாக நான் போட்டுவந்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “சிவப்பு வச்சா ரெண்டாம் நாள் கறுப்பு விழுதே” என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு தேங்காய் துருவுவது அவர் பொறுப்பு.

மூட்டம் வேறு வகையில் படுத்துகிறது. மாதந்தோறும் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று வரிக்கணக்குப் படிவங்களைத் தாக்கல் செய்யும் கெடு நெருக்கும் வேலையில், கடைசி நாள் ஓட்டத்துக்கு என் மூளை இனி வராது என்பதை ஆடிட்டர் சாரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். பில்களை மாத இறுதிவரை சேர்த்துவைக்காமல் வாரந்தோறும் வாங்கிச் சரிபார்ப்பதென்றும், வாடிக்கையாளர்களின் தொலைபேசியை மதிய உணவுக்குப் பிறகு மட்டும் நான் எடுப்பதென்றும் ஏற்பாடு ஆயிற்று. எண்களைப் படிக்கும்போது ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, மும்மூன்றாகப் பிரித்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டுகிறேன். ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே திரையைப் படிப்பது இப்போதும் முடிவதில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படிப்பதில் தொடக்கத்தில் இருந்த வெட்கம் போய்விட்டது. தலைவேலையும் உழைப்புதான், உட்கார்ந்து கணக்குப் பார்த்த நாளுக்கும் பின்சரிவு உண்டு என்பதை மட்டும் அலுவலகத்தில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவே, நரம்புக்கு வலுவூட்டும் லேகியமும், ஒரே வாரத்தில் மூளையைத் துலக்கும் மாத்திரையும் கைப்பேசித் திரையில் வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றின் விலைக்கு ஒரு பெண்மணியை வாரம் இருமுறை வீடு துடைக்க வைத்துக்கொண்டேன். என் அனுபவத்தில் பணம் கொடுத்து வாங்கியவற்றுள் பலன் தந்தது அதுதான்.

கல்யாண வீடுகளில் முகூர்த்தத்தை விட்டுவிட்டு வரவேற்புக்கு மட்டும் போகிறேன். அடுத்த இரண்டு நாட்களை முன்கூட்டியே காலியாக வைத்துவிடுகிறேன். பயணம்தான் இன்னும் பிடிபடவில்லை. சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கப் பேருந்தில் போவதை விட்டு, 45 வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கும் வசதி ரயிலில் இருப்பதால் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு மாறினேன். படுத்தேதான் போகிறேன், ஆனாலும் எழும்பூரில் படிக்கட்டு ஏறி இறங்கியதற்கே மறுநாள் சாய்ந்துவிடுகிறேன். அடுத்த முறை தாம்பரத்திலேயே இறங்கிப் பார்க்கலாம், அங்கிருந்து வண்டியோடு வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.