வால் போன கோப்புகள்

மாம்பலத்தில் மழை, கரண்ட் இல்லை. லேப்டாப்பில் இருக்கிற சார்ஜை நம்பி அக்காவின் பழைய பென்டிரைவைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். பிஎச்டி கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, எந்த வகைக் கோப்பு என்று சொல்லும், பெயருக்குப் பின்னால் வரும் வால்தான் (எக்ஸ்டென்ஷன்) இல்லை.

கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒன்றைத் திறந்தால் முதல் இரண்டு எழுத்து ‘பிகே’. அதாவது ஜிப், பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. ஆனால் வேர்டின் டாக்எக்ஸும் ஜிப்தானே? பிரித்துப் பார்த்தேன். உள்ளே மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் ‘அலவ்பிவட்டிங்=ட்ரூ’. சரி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அவுட்புட்டேதான்!

அடுத்த கோப்பின் முதல் பைட்டுகள் ‘டி0 சிஎஃப் 11 ஈ0’. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் டாக்ஃபைல் என்று படிக்கலாம், மைக்ரோசாஃப்ட் குறும்பு. எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய அவுட்புட் வகையான எஸ்பிஓவுக்கும் பழைய எக்செலுக்கும் இதே தலைதான், அதனால் இன்னும் குழப்பம் தீரவில்லை.

போனில் அக்கா: “நாலாவது அத்தியாய டேபிள் கிடைச்சுதாடா?”