சின்னமா, கட்சியா, கூட்டணியா? தமிழ்நாட்டுத் தேர்தல் தரவை வகுக்கும் முன்

2001 சட்டமன்றத் தேர்தல் பட்டியலைப் பாருங்கள். அதிமுகவுக்கு 31.4 விழுக்காடு, 132 இடங்கள். திமுகவுக்கு 30.9 விழுக்காடு, 31 இடங்கள். அரை விழுக்காட்டுக்கு நூறு இடமா என்று மலைத்துப்போய் நம் தேர்தல் முறையையே திட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் உண்டு. கணக்கு எளிது. இரட்டை இலை நின்றது 141 தொகுதிகளில்தான். உதயசூரியன் 183-இல் நின்றது. நின்ற தொகுதிகளை மட்டும் வைத்து வகுத்தால் அதிமுகவுக்குச் சுமார் 52, திமுகவுக்கு 39 சொச்சம். மீதித் தொகுதிகளில் அதிமுக வாக்காளர் கூட்டணிக் கட்சிகளான தமாகாவின் சைக்கிளுக்கும் பாமகவின் மாம்பழத்துக்கும் போட்டார். அந்த ஓட்டெல்லாம் வேறு கணக்கில் ஏறிவிட்டது.

ஆகவே தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர்வாரிப் பட்டியலை எக்செல்லில் ஏற்றியதும் முதல் வேலை, ‘கட்சி’ என்ற பத்திக்குப் பக்கத்தில் மேலும் இரண்டு பத்திகள் சேர்ப்பது: வேட்பாளரின் சொந்தக் கட்சி, கூட்டணி. இதைக் கையால்தான் நிரப்ப வேண்டும். அந்தந்த ஆண்டின் தொகுதிப் பங்கீட்டுச் செய்திகளைத் தேடி எடுக்காமல் முடியாது. அலுப்பான வேலை, ஆனால் ஆய்வின் பாதி இங்கேதான் இருக்கிறது.

2021-ஐ எடுத்துக்கொள்வோம். உதயசூரியன் சின்னத்தில் நின்றவர்கள் 188 பேர். அதில் திமுகவினர் 173. மற்ற 15 பேர் மதிமுக, கொமதேக, மமக போன்ற தோழமைக் கட்சியினர். வென்ற 133-இல் 8 இடங்கள் அவர்களுடையவை. எந்த எண் சரி? கேள்வியைப் பொறுத்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவு பற்றிய ஆய்வென்றால் 133 (சட்டப்படி அவர்கள் திமுக உறுப்பினர்களே). சிறு கட்சிகளின் பேரம் பேசும் வலிமை பற்றியதென்றால் 125.

இன்னும் மோசமான பொறி 2019 மக்களவைத் தேர்தல். அமமுக அப்போது பதிவு பெறாததால், பரிசுப் பெட்டியில் நின்ற அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே பதிவானார்கள். கவனிக்காவிட்டால் அந்த ஆண்டில் ‘சுயேச்சைகளின் எழுச்சி’ என்று ஒரு கண்டுபிடிப்பு கிடைக்கும்! 1989-இல் சேவலும் இரட்டைப்புறாவுமாகப் பிரிந்து நின்ற அதிமுகவை ஒரே வரிசையில் கூட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

உண்மையில் எத்தனை கட்சிகள் போட்டியில் இருக்கின்றன என்று காட்டும் ‘கட்சிகளின் பயனுறு எண்ணிக்கை’ என்ற அளவை இருக்கிறதே, அதையும் மாநில மொத்தத்தில் போடாதீர்கள். ஒவ்வொருவரின் வாக்குப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். 40, 40, 20 என்று பிரிந்தால் கூட்டுத்தொகை 0.36, விடை 2.78. இதைத் தொகுதிதோறும் போட்டுப் பிறகு சராசரி எடுக்க வேண்டும். மாநில அளவில் போட்டால் கூட்டணிக் கட்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்பட்டு, தொகுதிக்குள் நடப்பது பெரும்பாலும் இருமுனைப் போட்டி என்பதே மறைந்துபோகும்.

காலவரிசை ஒப்பீட்டில் இரண்டு முறிவுகள். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. பெயர் ஒன்றாக இருந்தாலும் 2006-இன் தொகுதியும் 2011-இன் தொகுதியும் ஒரே நிலப்பரப்பு அல்ல. 2013-இல் நோட்டா வந்தது. வகுக்கும் எண்ணில் அதைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவுசெய்து எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

பூத் அளவுக்கு இறங்கினால், ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று காட்டும் முடிவுத் தாளான படிவம் 20 வேண்டும். பல தொகுதிகளுக்கு ஸ்கேன் செய்த பக்கங்கள்தான் கிடைக்கும். எழுத்துணரி மென்பொருள் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படிக்கும். ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையையும் அச்சிட்ட மொத்தத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை சிக்கிவிடும். பூத் எண்ணை வைத்து 2016-ஐயும் 2021-ஐயும் இணைக்கவே கூடாது. கொரோனாவால் ஒரு பூத்துக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்ததில் 2021-இல் வாக்குச்சாவடிகள் 88,937 ஆயின. பள்ளிக் கட்டடத்தின் பெயரையும் வாக்காளர் பட்டியலில் உள்ள தெருக்களையும் வைத்துத்தான் பொருத்த முடியும்.

படிவம் 20-இன் கடைசி வரியில் தபால் ஓட்டு தனியாக இருக்கும். எந்தப் பூத்திலும் சேராது என்பதால் பலர் அதைத் தூக்கிவிடுகிறார்கள். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. நீதிமன்றம்வரை போனது 203 தபால் ஓட்டுகள் பற்றிய வழக்கு. பூத் வரைபடத்துக்கு அந்த வரி தேவையில்லை, தொகுதி மொத்தத்துக்குக் கட்டாயம் தேவை. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.