களப்பணியாளர்களின் கற்றல் வலையமைப்பை நடத்துவது எப்படி?

தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஒருவர் அனுபவத்தில் இருந்து ஒருவர் கற்பதற்காகத் தொடங்கும் வாட்ஸ்அப் குழுக்களில் பல, சில மாதங்களிலேயே காலை வணக்கப் படங்களும் அரசாணை பிடிஎஃப்களும் வந்து விழும் இடமாகிவிடுகின்றன. உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம். "உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எந்தக் களப்பணியாளரும் உட்கார்ந்து எழுத மாட்டார். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு கேட்டால், பேருந்தில் போகும்போதே பதில் சொல்வார். எனவே கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது, ஐ.நா. அமைப்புகள் 2005-இல் தொடங்கிய சொல்யூஷன் எக்ஸ்சேஞ்ச். துறைவாரியாகக் குழுமங்கள், ஒருவர் மின்னஞ்சலில் கேட்பார், பல மாநிலங்களில் இருந்து பதில் வரும், ஒருங்கிணைப்பாளர் அவற்றைத் தொகுத்து ஒரே ஆவணமாக எல்லோருக்கும் அனுப்புவார். அந்தத் தொகுப்பு வேலைக்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த பல குழுக்கள் இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டின.

கேள்வியை எப்படி எழுதுவது? குடிநீரில் அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃப்ளோரைடை எடுத்துக்கொள்வோம். "ஃப்ளோரைடு வடிகட்டி பற்றி ஆலோசனை தேவை" என்று போட்டால் விளம்பரத் தாள்கள் வரும். உதாரணத்துக்கு, அதையே இப்படிக் கேட்கலாம்: "தருமபுரி மாவட்டத்தில் 80 வீடுகள் உள்ள குக்கிராமம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 3 மி.கி. ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி வைத்து ஓராண்டு ஆகிறது. இப்போது வடிகட்டிய நீரிலும் 2 மி.கி. இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குள் முடிவெடுக்க வேண்டும். வடிகட்டியைத் தொடர்ந்து ஓட்டுபவர்கள் எப்படிப் பராமரிக்கிறீர்கள்? கைவிட்டவர்கள் ஏன் கைவிட்டீர்கள்?"

ஊர், அளவு, இதுவரை செய்தது, எந்த முடிவுக்காக, எப்போதைக்குள் என எல்லாம் இதில் உண்டு. ஆனாலும் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அலுமினா ஓரளவு வரைதான் ஃப்ளோரைடைப் பிடித்து வைக்கும். பிறகு காஸ்டிக் சோடாவால் கழுவி, அமிலத்தால் சமன் செய்ய வேண்டும். வடிகட்டி வேலை செய்யாமல் போனாலும் தண்ணீரின் நிறமும் சுவையும் மாறாது. அதனால் ஊரில் யாருக்கும் தெரியாது. இந்திய வரம்பு 1 மி.கி., வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 மி.கி. அதைத் தாண்டிய நீரையே நம்பிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ரசாயனத்தை யார் வாங்குவது, கழுவிய கழிவை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் கைவிட்டவர் வாயில் இருந்துதான் வரும்.

கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. முதல் இரண்டு நாளில், அந்த வேலையைச் செய்தவர்கள் என்று தெரிந்த ஐந்தாறு பேருக்கு ஒருங்கிணைப்பாளரே போன் செய்ய வேண்டும். "அக்கா, உங்க ஊர்ல இதைச் செஞ்சீங்களே, ரெண்டு நிமிஷம் வாய்ஸ் அனுப்புங்க" என்றால் போதும். குரலை எழுத்தாக்குவது ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. முதல் மூன்று பதில்கள் வந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் உடையும்.

தயக்கத்துக்குச் சரியான காரணமும் உண்டு. நிதி தரும் நிறுவனத்தின் அதிகாரியும் சொந்த நிறுவன இயக்குநரும் அதே குழுவில் இருந்தால் தோல்வியை யார் சொல்வார்? அவர்களைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. சொன்ன செய்தியைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்ற விதி, லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் இருந்து இருக்கிறது. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியராக இருந்த அனில் குப்தா 1980களின் இறுதியில், எளிய மக்களின் உத்திகளைத் தொகுக்கத் தொடங்கிய ஹனி பீ வலையமைப்பின் கொள்கை வேறு: அறிவைத் தந்தவர் பெயர் மறையக்கூடாது, அவருடைய மொழியிலேயே அது திரும்பிப் போக வேண்டும். மதுரையில் சேவா நிறுவனம் அப்படித்தான் தமிழில் இதழ் நடத்தியது. இரண்டுமே தேவை என்பது எங்கள் கருத்து. தோல்விக்கு முதல் விதி, புதிய உத்திக்கு இரண்டாவது. எதுவானாலும் தொகுப்பில் பெயர் போடும் முன் அவரிடம் கேளுங்கள்.

தொகுப்பு இரண்டு வாரத்துக்குள், இரண்டு பக்கத்துக்குள் வர வேண்டும். மேலே ஐந்து வரியில் சுருக்கம். கீழே ஒவ்வொரு அனுபவமும் ஊர், சூழல், செலவோடு. இங்கே அதிகம் நடக்கும் தவறு, முரண்பட்ட பதில்களை இழைத்துச் சமமாக்கிவிடுவது. ஒருவர் வடிகட்டி நன்றாக ஓடுகிறது என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார் என்றால் இரண்டையும் அப்படியே விடுங்கள். ஒருவருக்கு மாதச் சம்பளத்தில் ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரியும். மூன்று மாதம் கழித்து, கேள்வி கேட்டவரிடமே போய், என்ன முடிவெடுத்தீர்கள் என்று கேட்டு அதையும் குழுவில் போடுங்கள். பதில் சொன்னவர்கள் அடுத்த முறையும் சொல்வது இதனால்தான்.

சில சிக்கல்கள் எழுத்தில் தீராது. அதற்கு 1990களில் பி.பி. எண்ணெய் நிறுவனத்தில் உருவான சகபணியாளர் உதவி அமர்வு உண்டு. அதை இப்படி நடத்தலாம்: சிக்கல் உள்ளவர் 15 நிமிடம் விளக்குவார். வந்திருக்கும் ஆறு முதல் எட்டுப் பேர் 20 நிமிடம் தெளிவு கேட்பார்கள். பிறகு 40 நிமிடம் அவர்கள் தங்களுக்குள் பேச, இவர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். கடைசியில் முதலில் எதைச் செய்வேன் என்று சொல்வார். அந்த மௌனம் மிகக் கடினம். "எங்க ஊர்ல அது நடக்காதுங்க" என்று குறுக்கிட்டால் அமர்வு அங்கேயே முடிந்தது. வயதில் இளையவர் முதலில் பேசட்டும். மூத்தவர் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். முடிவெடுத்த பிறகு இதை நடத்துவது வீண். பேருந்துக் கட்டணத்தை அன்றே கையில் கொடுங்கள்; மாலை நான்கு மணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் தொலைவில் இருந்து வரும் பெண் பணியாளர்கள் அடுத்த முறை வர மாட்டார்கள்.

பேசாமல் படிப்பவர்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பெரும்பான்மை எப்போதும் அப்படித்தான். செய்திகளின் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டாதீர்கள். எத்தனை கேள்விகள் ஒரு முடிவில் போய் நின்றன என்று எண்ணுங்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்தில் இரண்டு முழு நாட்களாவது வேண்டும். திட்ட முன்மொழிவில் தொடக்க விழாவுக்கு ஒதுக்குவதை இதற்குத் திருப்புங்கள். யாருக்கு எது தெரியும் என்ற பட்டியல் அவர் தலையில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறும் நாளில் குழுவும் படுத்துவிடும். பெயர், ஊர், செய்து பார்த்த வேலை, எந்த நேரத்தில் போன் எடுப்பார் என நான்கு நெடுவரிசைகள் உள்ள ஒரு கூகுள் ஷீட் போதும். புதிதாக வருபவர் முதல் இரண்டு மாதம் பழையவரோடு சேர்ந்தே அந்த அழைப்புகளைச் செய்யட்டும்.