என் வேலை முடிகிற இடம்

பதினொரு வருஷம் சாலை சைக்கிள் பந்தயங்களில் சம்பளத்துக்கு ஓட்டினேன். ஓய்வு பெற்றதிலிருந்து எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை பந்தயம் ஜெயித்தீர்கள் என்பதுதான். ஒன்றுகூட இல்லை என்றதும் முகம் வாடிவிடுகிறது, சிலர் ஆறுதலே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜெயிப்பது என் வேலையே இல்லை என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

டூர் டி பிரான்ஸ் மாதிரி பந்தயத்தில் அணிக்கு 8 பேர். ஜெயிக்க வருகிற அணித் தலைவர் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். மற்றவர்களுக்கு டொமெஸ்டிக் என்று பெயர், பிரெஞ்சில் வேலைக்காரன். 1911-இல் மோரிஸ் புரோக்கோ என்ற வீரர் காசுக்காக இன்னொருவருக்கு உதவுகிறார் என்று, பந்தயத்தை நடத்திய ஹென்றி தெக்ராஞ்ச் இளக்காரமாகச் சொன்ன வார்த்தை அது. நாங்கள் அதைப் பெருமையோடுதான் சொல்லிக்கொள்வோம்.

முதல் வேலை காற்றை மறைப்பது. சமதரையில் வேகமாகப் போகும்போது நம் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடும். முன்னால் போகிறவனை ஒட்டி வந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம், அந்த மிச்சத்தைக் கடைசி ஏற்றம் வரை தலைவருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு வேகம் சீராக இருக்கணும், திடீரென்று அழுத்தினால் பின்னால் இருப்பவர்தான் வலியோடு துரத்த வேண்டியிருக்கும். அதனால் நிமிஷத்துக்கொரு தரம் தலையைக் குனிந்து அக்குள் வழியாகப் பின்னால் பார்ப்பேன், அவர் முன்சக்கரம் தெரிகிறதா என்று.

அப்புறம் தண்ணீர். கூட்டத்துக்குப் பின்னால் வரும் அணியின் காருக்கு இறங்கிப் போய், ஏழெட்டு பாட்டில்களை முதுகுப் பைகளிலும், இடம் போதாமல் சட்டைக் கழுத்து வழியாகவும் திணித்துக்கொள்ள வேண்டும். சைக்கிளே 6.8 கிலோதான் (அதற்குக் குறைவாக இருக்க விதி அனுமதிக்காது), முதுகில் நாலைந்து கிலோ கூடுதல், ஐஸ் மாதிரி ஒரு பாட்டில் தண்டுவடத்தில் அழுந்திக்கொண்டே இருக்கும். அந்தக் கோலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டி முன்னால் வந்தால், தலைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவார். வருகிறவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும், அந்த நீட்டின கைக்காகவே இன்னொரு தடவை போகலாம் என்றிருக்கும்.

கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் என் வேலை முடிந்துவிடும். ஓரமாக ஒதுங்கி, பின்தங்கினவர்களோடு சேர்ந்து, கால வரம்புக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். மேலே யார் ஜெயித்தார்கள் என்பது காதில் இருக்கும் ரேடியோவில் வரும், சிக்னல் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

மனசு நொந்தது ஒரே ஒரு தடவைதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போனபோது, முடிவுப் பட்டியலில் உங்கள் பெயரே காணோமே என்றார் ஒரு மேலாளர். 200 கிலோமீட்டர் பந்தயத்தில் முதல் 170-ஐ எந்தப் பட்டியலும் எழுதி வைப்பதில்லை.

இப்போது காலையில் தனியாக ஓட்டுகிறேன். எதிர்காற்று அடித்தால் தலை தானாகக் குனிகிறது, அக்குள் வழியாகப் பார்க்கிறேன். பின்னால் சக்கரம் இல்லை. இருந்தாலும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.