நியூ ஆர்லியன்ஸில் பனி விழுமா? ஐ-10 வழியே ஒரு பயணம்

கடலூரில் வளர்ந்தவனுக்கு வானிலை பார்க்கத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் போதும், வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகிவிட்டதா, நம் பக்கம் வருமா, இல்லை ஆந்திராவுக்குப் போய்விடுமா என்று வீடே பேசும். ஹூஸ்டனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை, கடல்தான் மாறியிருக்கிறது.

2025 ஜனவரி நடுவில் ஒரு ராத்திரி அண்ணன் கூப்பிட்டார். மயிலாடுதுறைக்காரர், ஹூஸ்டனின் மேற்குப் பக்கம் இருக்கிறார், வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களை என்னைவிட ஆழமாகப் பார்ப்பவர். "21ஆம் தேதி பார்த்தியா? வளைகுடாவில ஒரு தாழ்வுப் பகுதி காட்டுறான். மேலேர்ந்து ஆர்க்டிக் காத்தும் இறங்குது." அவ்வளவுதான் சொன்னார், எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏன் என்று சொல்கிறேன். மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் குளிர் வந்தால் ஈரம் இருக்காது, ஈரம் வந்தால் குளிர் இருக்காது. வடக்கிலிருந்து இறங்கும் காற்று வறண்ட காற்று, கடலைத் தாண்டி வருவது சூடான காற்று. இங்கே பனி விழ இரண்டும் ஒரே நாளில், சரியான உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அது எவ்வளவு அபூர்வம் என்றால் எங்களைப் போன்றவர்கள் இன்னும் 1895 பிப்ரவரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த முறை ஹூஸ்டனில் 20 அங்குலம், நியூ ஆர்லியன்ஸில் 8 அங்குலத்துக்கு மேல். மெக்ஸிகோ எல்லையில் இருக்கும் பிரவுன்ஸ்வில்லுக்கு அதற்கப்புறம் 2004 கிறிஸ்துமஸில்தான் மறுபடி அளக்கும்படியான பனி வந்தது, 109 வருடம் கழித்து.

அடுத்த ஒரு வாரம் வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. அமெரிக்க மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும், காலை ஒன்பதரைக்கு மேல் அதன் படங்கள் ஒவ்வொன்றாக வரும், ஐரோப்பிய மாடலுக்கு நள்ளிரவு தாண்டிக் காத்திருக்க வேண்டும். ஒரு ஓட்டத்தில் பனிப் பட்டை கரை மேலேயே கிடக்கும், அடுத்ததில் கடலுக்குள் இறங்கிவிடும். ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதால் ஐரோப்பிய மாடலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஓட்டும் ஐம்பது கிளைகளையும் பார்த்து, எத்தனையில் பனி இருக்கிறது என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கை ஒவ்வொரு ராத்திரியும் ஏறிக்கொண்டே போனது. என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது, "அப்பா, இன்னிக்கு எத்தனை?" என்பாள். ஒன்பது வயது, பனியைப் படத்தில் மட்டுமே பார்த்தவள்.

ஹூஸ்டனுக்கும் பனி வரும் என்றுதான் மாடல்கள் காட்டின. ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய சூடான அடுக்கு நுழைந்துவிட்டால் போதும், பனி உருகிக் கீழே வருவதற்குள் மறுபடி உறைந்து ஐஸ் குருணையாகத்தான் விழும். கிழக்கே போகப் போக அந்த ஆபத்து குறையும் என்பது அண்ணனின் கணக்கு. திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, செவ்வாய் பள்ளி கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சரி, நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிவிடலாம் என்று திங்கள் விடியற்காலையில் அண்ணன், மகள், நான் மூவரும் புறப்பட்டோம்.

350 மைல் தூரம், ஐ-10 நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். போமாண்ட், லேக் சார்ல்ஸ், லாஃபயெட். அதற்கப்புறம் அச்சாஃபலாயா சதுப்புக்காட்டின் மேல் 18 மைல் நீளப் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கிளைகளில் தாடி மாதிரி தொங்கும் பாசி. நாளைக்கு இதன் மேலெல்லாம் பனி படுமா என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். நியூ ஆர்லியன்ஸ் கடையில் ரொட்டி, பால் வைக்கும் தட்டுகள் காலி. எங்களிடம் புளிசாதம் இருந்தது.

அன்று ராத்திரிதான் பெரிய சோதனை. ரேடாரில் பனிப் பட்டை மேற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தரைக்குப் பக்கத்தில் காற்று மிகவும் வறட்சி. மேலே விழும் பனியை அந்த வறண்ட அடுக்கு பாதி வழியிலேயே குடித்துவிடும். அது ஈரமாகி நிறைந்த பிறகுதான் தரைக்கு வந்து சேரும். காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் பனிநிலை எத்தனை, எத்தனை என்று மணிக்கொரு தடவை பார்த்தோம். விடிவதற்குள் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் பனிப்புயல் எச்சரிக்கையே விட்டுவிட்டது. அந்த அலுவலகம் அப்படி ஒன்றை விடுவது அதுதான் முதல் முறை. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார், குரல் உடைந்துவிட்டது.

காலையில் பால்கனியின் இரும்புக் கம்பியில் டிக், டிக் என்று சத்தம். குருணையோ என்று நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் சத்தம் அடங்கியது. மகள் கறுப்புக் கோட்டுக் கையை வெளியே நீட்டினாள். முதலில் ஒன்று, பிறகு மூன்று, நான்கு. ஆறு காம்பு, ஒவ்வொரு காம்பிலும் பெருஞ்சீரக இலை மாதிரி பொடிக் கிளைகள். மூச்சு பட்டால் கரைந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டே பார்த்தாள். நம்மூரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. அதே சொல்லை இதற்கும் வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்கு எனக்கு வினோதமாகப் பட்டது.

பத்து மணிக்கெல்லாம் எதிர்வீடு தெரியவில்லை. பனைமர ஓலைகள் கனம் தாங்காமல் தழைந்துவிட்டன, வாழை இலைகள் மடங்கிக் கிடந்தன. போர்பன் தெருவுக்கு நடந்தோம். மூன்று வாரத்துக்கு முன், புத்தாண்டு விடியலில் நடந்த தாக்குதலில் 14 பேர் உயிர் போன தெரு அது. அங்கே அட்டைப்பெட்டிகளிலும் காற்றடைத்த மிதவைகளிலும் ஏறிப் பெரியவர்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள், முன்பின் தெரியாதவர்கள் எங்கள் மேல் பனி உருண்டை வீசிச் சிரித்தார்கள். ஒரு பாட்டி, கருப்பினத்தவர், என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் இவ்வளவு பனியைப் பார்த்ததில்லை என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

அண்ணன் வெள்ளை அடித்த பலகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், பனியை முறையாக அளக்க அதுதான் வேண்டும். திறந்த இடமாகப் பார்த்து வைத்து, பள்ளி ஸ்கேலால் அளந்தோம். பிற்பகலில் 19 சென்டிமீட்டர். விமான நிலையத்தில் பதிவானது 8 அங்குலம். 1895இன் அளவைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது என்று அண்ணன் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். ஹூஸ்டனிலும் வீட்டு வாசல் வெள்ளையாகக் கிடப்பதாக மனைவி படம் அனுப்பினாள், அவளுக்கு மறுநாள் வேலை, வர முடியவில்லை. அவளும் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஐ-10ஐ மூடிவிட்டார்கள், திறக்கும்வரை அங்கேயே இருந்தோம். திரும்பும்போது அச்சாஃபலாயாவில் கரையெல்லாம் இன்னும் வெள்ளை. அண்ணன் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தார். மகள் பிடித்த பனி உருண்டை ஒன்று ஐஸ் பெட்டியில் வந்தது. பாதியாகிப்போனாலும் வீடு வந்து சேர்ந்துவிட்டது, இப்போது ஃப்ரீசரில் துருவிய தேங்காய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தேதி எழுதிய டப்பாவில் இருக்கிறது.