எம்.ஏ. இங்கிலீஷ்: வர்ணனையும் பண்பாடும் கேள்விக்கு நான் படிச்ச விதம்

எம்.ஏ. இங்கிலீஷ்ல இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்துல வந்துரும், வர்ணனையில அந்த நாட்டுப் பண்பாடு எப்படித் தெரியுதுன்னு. உடனே நம்ம பசங்க "இயற்கையை ரொம்ப அழகா வர்ணிச்சிருக்கார்"னு ஆரம்பிச்சிருவாங்க. அதுக்கெல்லாம் மார்க் விழாதுங்க. எனக்குக் கைகொடுத்தது, நாலு நாவலைத் தொட்டுட்டு ஓடாம ஒரே பாராவைப் பிடிச்சுக்கிட்டு இதுல எதைக் காட்டுறாங்க, எதை மறைக்கிறாங்கன்னு பாத்ததுதான்.

நான் எடுத்தது ஜேன் ஆஸ்டினோட பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் (1813), அதுல கதாநாயகி எலிசபெத் முதல் தடவையா, பணக்கார நாயகன் டார்சியோட பெம்பர்லி எஸ்டேட்டைப் பாக்குற இடம். அங்க இருக்கிற ஓடையைப் பெருசாக்கியிருக்காங்க, ஆனா செயற்கையா தெரியல, கரையிலயும் பொய்யான அலங்காரம் இல்லன்னு வருது. சும்மா படிச்சா தாண்டிப் போயிருவோம். ஆனா 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துப் பணக்காரங்க, வெர்சாய் அரண்மனைல இருக்கிற மாதிரி ஸ்கேல் வெச்சு வெட்டுன பிரெஞ்சுத் தோட்டத்தை ஒதுக்கிட்டு, கேப்பபிலிட்டி பிரவுன் மாதிரி தோட்டம் வடிவமைக்கிற ஆளுங்களை வெச்சு ஏரி வெட்டி, மேடு பள்ளம் மாத்தி, கடைசில எல்லாம் தானா அமைஞ்ச மாதிரி காட்டுனாங்க. காசு கொட்டியிருக்கணும், அது கண்ணுல படக்கூடாது, மேல்தட்டு கௌரவமே அதான். டார்சி நிஜத்துல எப்படிப்பட்ட ஆளுன்னு அந்த சீன்ல அவர் வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே ஓடை சொல்லிருது. வெளியாளுங்க பெரிய வீடுகளைச் சுத்திப் பாக்கப் போறதும், ஹவுஸ்கீப்பர் கூட்டிட்டுப் போய்க் காட்டுறதும் அப்போ அங்க வழக்கம், அதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

இதுக்கு எதிர்ப்பக்கம் வேணும்னா டிக்கன்ஸோட ப்ளீக் ஹவுஸ் (1852–53) நாவல் முதல் பக்கம் போதும். லண்டன் பூரா மூடுபனி, புகைக்கூண்டுலேர்ந்து கரித்தூள் ஸ்னோ துகள் சைஸுல விழுது, அந்த மூடுபனிக்கு நட்டநடுவுல லார்ட் சான்சலர்ங்கிற பெரிய நீதிபதி, சொத்து வழக்கெல்லாம் நடக்குற சான்சரி கோர்ட்டுல உக்காந்திருக்கார். நிலக்கரிப் புகையும் தலைமுறை தலைமுறையா இழுக்குற கேஸும் ஒண்ணா வந்துருது பாருங்க.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, பெம்பர்லிதான் மொத்த இங்கிலாந்துன்னு எழுதிறாதீங்க. அது நிலம் வெச்சிருந்தவங்க பார்வை, ஓடையை அகலப்படுத்த மண்ணு வெட்டுன கூலியாளு அந்தப் பாராவுல எங்கயும் கிடையாது. இதை நீங்களே எழுதிட்டா வைவால அடுத்து வர்ற கேள்விக்கும் பதில் ரெடி. கோட் பண்ண பக்கம் பக்கமா மனப்பாடம் வேண்டாம், ஓடை வரி ரெண்டு, மூடுபனி வரி ரெண்டு, அவ்ளோதான்.